உளி, கல்லா, கணினி: வேலைக்கு ஏற்ற இருக்கை எது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டாரத்தில் ஒரே பகல்பொழுதில் உடல்கள் மூன்று விதமாக உழைக்கின்றன. மரச்சிற்பப் பட்டறையில் சிற்பி தரையில் அமர்ந்து, எதிரே கிடத்திய மரத்தின்மேல் குனிந்து, கொட்டாப்புளியால் உளியைத் தட்டுகிறார். துணிக்கடையில் விற்பனைப் பெண் நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்டி, மடித்து அடுக்குகிறார். வங்கியிலும் மண்டியிலும் இ-சேவை மையத்திலும் கணினிக்கு முன்னால் இருப்பவர் சாப்பாட்டு நேரம் தவிர நாற்காலியைவிட்டு எழுவதில்லை. மூவருக்கும் மாலையில் வலி உண்டு. முதலாமவருக்கு முழங்காலும் இடுப்பும், அடுத்தவருக்குக் கெண்டைக்காலும் பாதமும், கடைசியில் சொன்னவருக்குக் கழுத்தும் கீழ்முதுகும்.

வேலை செய்யும் உடலுக்கு ஏற்ற இருக்கை எது என்ற கேள்வி இன்று பெரும்பாலும் விலைக்கேள்வியாகச் சுருங்கிவிட்டது. எர்கோனாமிக் சேர் என்று எழுதி ஒட்டிய நாற்காலி ஐயாயிரத்துக்கும் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கும் கிடைக்கிறது. ஆனால் இக்கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளாக மருத்துவர்களும் எலும்பியல் வல்லுநர்களும் மானிடவியலாளர்களும் தொழிற்சங்கத்தாரும் விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட உடலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. பல வேளைகளில் அது சின்னசேலத்துத் தொழிலாளியின் உடல் அல்ல.

முதல் வழக்கு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி 1700இல் தொழிலாளர் நோய்கள் குறித்து எழுதிய நூலை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன?’ என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் முதுகு வளைந்து போவதை எழுதினார். நாள் முழுதும் நிற்பவர்களின் கால் நரம்புகள் புடைப்பதையும் எழுதினார். 1713இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் எழுத்தர்களைச் சேர்த்தார். ஓயாத இருப்பு, ஒரே மாதிரியான கையசைவு, மனத்தின் இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர்களின் நோய்க்குக் காரணமாகச் சொன்னார்.

உட்காருவதும் கெடுதல், நிற்பதும் கெடுதல் என்று இரண்டையும் ஒரே நூலில் பதிந்தது ரமாசினியின் பலம். பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். இருக்கை பற்றிய குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பணிச்சூழலியல் என்று நாம் சொல்லும் துறைக்கு ‘எர்கோனாமிக்ஸ்’ என்ற பெயர் கிடைத்ததே பிறகுதான். 1857இல் போலந்து அறிஞர் வோய்ச்செக் யஸ்த்ஷெம்போவ்ஸ்கி, உழைப்பு, விதி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கோத்து அதை ஆக்கினார்.

செங்கோணத்தின் ஆட்சி

இடுப்பும் முழங்காலும் முழங்கையும் செங்கோணமாக மடங்க, முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் படிய உட்காருவதே சரி என்ற நிலைப்பாடு எல்லாவற்றிலும் செல்வாக்கு மிக்கது. 1884இல் ஜெர்மன் எலும்பியல் மருத்துவர் ஃபிரான்ஸ் ஸ்டாஃபெல், கீழ்முதுகைத் தாங்கும் சாய்வுள்ள நாற்காலியைப் பரிந்துரைத்தார். பள்ளிப் பிள்ளைகளின் முதுகுக் கோணல் குறித்த கவலை அதன் பின்னணி. இன்றைய நாற்காலிகளில் இடுப்புக்குப் பின்னால் துருத்தி நிற்கும் பட்டைக்கு மூதாதை அதுதான்.

தமிழகச் சிற்றூர்களுக்கு இக்கோட்பாட்டைக் கொண்டு சேர்த்தவை தட்டச்சுப் பயிலகங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் லோயர், ஹையர் தேர்வுகளுக்கு மாணவர்களை அனுப்பும் அப்பயிலகங்களில், விசைகளைத் தொடும் முன்பே சொல்லித் தருவது நிமிர்ந்து உட்காருவதைத்தான். தட்டச்சுப் பொறிக்கு அது பொருந்தியும் வந்தது. விசையை ஓங்கி அழுத்த வேண்டும், வரி முடிந்ததும் கை நீட்டி உருளையைத் தள்ள வேண்டும், தாள் மாற்ற வேண்டும். உடலுக்கு அசைவு இருந்தது. கணினி அந்த அசைவைப் பறித்துக்கொண்டு செங்கோணத்தை மட்டும் விட்டுவைத்தது.

இந்த ஆட்சிக்கு முதல் பெரிய அடி 1953இல் விழுந்தது. அமெரிக்க மருத்துவர் ஜே. ஜே. கீகன் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 135 பாகையாக இருக்கும்போதே கீழ்முதுகு தன் இயல்பு வளைவில் நிற்கிறது என்று காட்டினார். 90 பாகைக்கு மடக்கினால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து முதுகு தட்டையாகிறது. டென்மார்க் அறுவை மருத்துவர் ஏ. சி. மாண்டல் இதை மேலும் கொண்டு சென்று, இருக்கை உயரமாகவும் முன்பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும் என்று வாதாடினார். நார்வேயில் 1979இல் வெளிவந்த, முழங்காலை ஊன்றி அமரும் பாலன்ஸ் நாற்காலி இந்தச் சிந்தனையின் பிள்ளை. முதுகுக்கு இதம் தந்த அது முழங்காலிலும் கணைக்காலிலும் பாரத்தை ஏற்றியது. பரவலாக நிலைக்கவில்லை.

முதுகெலும்பு வட்டுகளில் விழும் அழுத்தம் பற்றிய ஆய்வுகளின் கதை இன்னும் எச்சரிக்கை தருவது. ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களிலும் 70களிலும் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்தார். நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது 140 என்றார். ‘நிற்பதைவிட உட்காருவது முதுகுக்குக் கேடு’ என்ற வாக்கியம் இந்த எண்ணிலிருந்து உலகெங்கும் பரவியது. 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோகிம் வில்கேயும் உடனிருந்தோரும் புதிய கருவியால் அளந்தபோது, இயல்பாக உட்காரும்போதைய அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுதலாக இல்லை. நாற்காலியில் சரிந்து கிடக்கும்போது அது இன்னும் குறைந்தது. ஆனால் அந்த அளவீடு ஒரே ஒருவரின் முதுகில் எடுக்கப்பட்டது. நாகெம்சனின் எண்ணை முடிந்த முடிவாக எடுத்தது பிழை என்றால், வில்கேயின் எண்ணால் அதை அடித்துவிடலாம் என்பதும் அதே பிழைதான். 2010இல் வெளிவந்த ஒரு திறனாய்வுத் தொகுப்பு, வேலையில் உட்கார்ந்திருப்பது மட்டுமே தனித்துக் கீழ்முதுகு வலியை உண்டாக்குகிறது என்று சொல்லச் சான்று போதாது என்ற முடிவுக்கே வந்தது.

தரையின் பக்கம் நிற்பவர்கள்

நாற்காலியே தேவையில்லாத கண்டுபிடிப்பு என்று சொல்வோரும் உண்டு. மானிடவியலாளர் கார்டன் ஹியூஸ் 1950களில் உலக மக்களின் இருப்பு வகைகளைத் தொகுத்தபோது, மனிதகுலத்தில் குறைந்தது கால்பங்கினர் குந்தி உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள் என்று மதிப்பிட்டார். 1965இல் ஃபார்னி என்ற கனடிய எலும்பியல் மருத்துவர், குந்தி உட்காரும் வழக்கமுள்ள இந்தியப் பழங்குடியினரின் முதுகெலும்புப் படங்களை வட அமெரிக்கர்களின் படங்களோடு ஒப்பிட்டு, இந்தியர்களிடம் வட்டுத் தேய்மானம் குறைவு என்று எழுதினார். 2020இல் தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தை ஆராய்ந்தவர்கள், அவர்களும் நாளில் ஏறத்தாழ 10 மணி நேரம் ஓய்ந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். ஆனால் அந்த ஓய்வு குந்தியும் மண்டியிட்டும் கழிவதால் கால் தசைகள் முற்றிலும் உறங்குவதில்லை.

இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகருக்குப் பெருமிதம் வருவது இயல்பு. திண்ணையும் சம்மணமும் மணையும் நம்முடையவை. கணக்குப்பிள்ளை சாய்வு மேசையைத் தரையில் வைத்து, சம்மணமிட்டு எழுதிய மண்டிகள் நினைவுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் இச்சான்றுகளை அருகிலுள்ள கல்வராயன் மலைக்கோ சிற்பப் பட்டறைக்கோ அப்படியே நீட்டிக்க முடியாது. ஃபார்னி ஒப்பிட்ட இரு மக்களும் இருப்பில் மட்டும் வேறுபட்டவர்கள் அல்லர். உணவு, உடல் எடை, நடை, சுமை எல்லாமே வேறு. பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று (2004) எதிர்த்திசையில் பேசுகிறது. 25 வயதில் நாள்தோறும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்ததாகச் சொன்னவர்களுக்கு முதுமையில் முழங்கால் மூட்டுத் தேய்வு கூடுதலாக இருந்தது. தரை முதுகுக்குக் கொடுப்பதை முழங்காலிடமிருந்து வாங்கிக்கொள்கிறதோ என்று ஐயுற இடமுண்டு.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் வாழும் இக்கலையில் சிற்பி தரையில் அமர்வது பழக்கத்தால் மட்டும் அல்ல. நீளமான பலகை அசையாமல் கிடக்கத் தரை வேண்டும், அதைச் சுற்றி நகர்ந்து செதுக்க இடம் வேண்டும், ஓங்கி விழும் அடியைத் தாங்க அடித்தளம் வேண்டும். அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவது உதவியாகாது. மரத்தைச் சற்று உயர்த்தும் மேடையும், முழங்காலை முழுதாக மடக்காமல் அமர ஒரு சாண் உயரப் பலகையும் பயன்படலாம். கோயில் வாகனமும் தேர்ச்சிற்பமும் செய்யும் கைகளுக்குக் குறியீடு வழங்கிய அக்கறை அந்த முழங்கால்களுக்கும் நீள வேண்டும். கைவினைஞருக்கான திட்டங்கள் பெரும்பாலும் கருவி, கடன், சந்தை என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன.

இருப்பா, நிற்றலா?

லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்ததை 1953இல் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் வெளியிட்டார்கள். இங்கிருந்து கேள்வி நாற்காலியின் வடிவத்தை விட்டு, அதில் கழியும் நேரத்துக்கு மாறியது. அரை நூற்றாண்டு கழித்து ‘உட்காருவது புகைபிடிப்பதற்குச் சமம்’ என்ற முழக்கமாக அது ஊடகங்களில் திரிந்தது. அந்த ஒப்பீட்டுக்கு எண்கள் துணை நிற்கவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டி 2016இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான வேகத்தில் உடலுக்கு வேலை கொடுப்பவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதோடு சேர்ந்துவரும் கூடுதல் இறப்பு அபாயம் காணப்படவில்லை என்றது.

ஏற்றி இறக்கும் மேசைகள் இந்த அலையில் வந்தவை. 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அவை அலுவலக வேலையில் உட்காரும் நேரத்தை நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைக்கக்கூடும். சான்றின் தரமோ குறைவு, நீண்டகால நன்மையும் உறுதியாகவில்லை. அதே ஆண்டு கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த முடிவு இன்னும் சிந்திக்க வைக்கிறது. சுமார் 7,300 தொழிலாளர்களைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்தவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நிற்கும் மேசையை நலத்தின் அடையாளமாக வாங்கும் உலகம் ஒன்று. நிற்பதைத் தவிர வேறு வழியில்லாத உலகம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிப் பணிச்சூழலியல் நூல்களைவிடச் சட்டநூல்கள்தாம் அதிகம் பேசியிருக்கின்றன.

உட்காரும் உரிமை

பிரிட்டனில் 1899இல் கடைப் பணியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை என்று அது கணக்கு வைத்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர வசதி வேண்டும் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 120ஆம் உடன்படிக்கை இதையே கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சொன்னது. இருக்கை தந்தால் போதாது, அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று அது இரண்டையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தில் இருந்த ஆசனம் துணிக்கடைப் பெண்ணுக்கு வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றம் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவிலிருந்து கிளம்பியது. தையல் தொழிலாளியான பி. விஜி 2009இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதல் கோரிக்கை கழிப்பறை. கடைகளில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். உட்காரும் உரிமை அதன் தொடர்ச்சியாக எழுந்தது. 2018இல் கேரளம் தன் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அடுத்து வந்தது. அண்டைக் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடித் தொகுதியிலிருந்து தேர்வான தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன், 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கான திருத்த மசோதாவைப் பேரவையில் முன்வைத்தார். புதிதாகச் சேர்ந்த 22-ஏ பிரிவு, எல்லாப் பணியாளருக்கும் பொருத்தமான இருக்கை வசதி வேண்டும், வேலை நேரம் முழுதும் நின்றே இருக்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும் என்கிறது.

இச்சட்டத்தை இருக்கை வரலாற்றின் மிக முக்கியமான பக்கமாகக் கருதலாம். முந்நூறு ஆண்டுகளாக ‘எப்படி உட்காருவது’ என்று கேட்டுவந்த துறையிடம் ‘யார் உட்காரலாம்’ என்று அது கேட்டது. கல்லாவில் முதலாளிக்கு மெத்தை வைத்த நாற்காலி, வாடிக்கையாளருக்குப் பெஞ்ச், பணியாளருக்கு ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு உடற்கூற்றியலிலிருந்து வந்ததல்ல. உட்கார்ந்திருப்பது சோம்பல், நிற்பது மரியாதை என்ற எண்ணத்திலிருந்து வந்தது.

சட்டத்தின் பலவீனம் ‘பொருத்தமான’ என்ற சொல்லில் இருக்கிறது. சரக்கு அடுக்கும் ஸ்டூலைக் காட்டி இதுவே இருக்கை என்று சொல்ல முடியும். மூலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தாலும், கண்காணிப்பாளரின் பார்வையில் அமரத் துணிவு வராமல் போகலாம். எத்தனை பேருக்கு எத்தனை, எந்த உயரம், நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்ற விவரங்களைச் சட்டம் தொடவில்லை. மூன்று பேருக்கு ஒன்று என்ற 1899ஆம் ஆண்டுக் கணக்கு குறைபாடுடையதுதான். ஆனால் ஓர் ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு அது.

அளவு யாருடையது?

இனிக் கணினி முன் இருப்பவர். இங்குதான் நாற்காலி வாங்கும் கேள்வி நேராக எழுகிறது. விளம்பரங்கள் முன்னிறுத்தும் தலைச்சாய்வு, மெமரி ஃபோம், பல திசையில் திரும்பும் கைப்பிடி ஆகியவற்றைவிட அடிப்படையானது உயரம். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்து 1997இல் வெளிவந்த இந்திய உடலளவு நூல் எழுந்ததற்குக் காரணமே, பிற நாட்டு அளவுகளை இங்கே கடன் வாங்குவது சரிவரவில்லை என்பதுதான்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஏறத்தாழ உடல் உயரத்தின் கால்பங்கு. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 37, 38 வரும். பல ரோலிங் சேர்களின் மிகத் தாழ்ந்த நிலையே 42 அளவில் இருக்கும். வெளிநாட்டு அளவுகள் காலணிக்கென்று சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளும். செருப்பை வாசலில் விட்டுவரும் நம் அலுவலகங்களில் அதுவும் கிடையாது. ஆகவே இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், பாதம் மரக்கும்.

சிக்கல் அதோடு முடியவில்லை. அலுவலக மேசையின் உயரம் சுமார் 75. பாதம் படிய 38இல் உட்கார்ந்தால் அவருடைய முழங்கை 58, 60 உயரத்தில் இருக்கும். மேசை 15 சென்டிமீட்டர் மேலே. தோளைத் தூக்கித் தட்டச்சு செய்வார், மாலையில் கழுத்து வலிக்கும். கழுத்து வலிக்காமலிருக்க இருக்கையை ஏற்றினால் கால் தொங்கும். அதாவது பிழை நாற்காலியில் மட்டும் இல்லை, மேசையிலும் இருக்கிறது. மேசையை அறுத்துத் தாழ்த்த முடியாவிட்டால் இருக்கையை ஏற்றிவிட்டு, காலடியில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் பலகை போடுவதே வழி. ஊர்த் தச்சரே ஒரு மணிநேரத்தில் அடித்துத் தரக்கூடிய அந்தக் கால்மணை, பல ஆயிரம் ரூபாய் நாற்காலி செய்யாததைச் செய்யும்.

ஆழமும் இதைப் போலத்தான். பின்னால் ஒட்டி உட்கார்ந்தபின் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆழம் மிகுந்தால் சிறிய உடல்காரர் விளிம்பில் தொற்றிக்கொள்வார், முதுகுச் சாய்வு எவ்வளவு சிறந்ததானாலும் அவருக்குப் பயனில்லை. முதுகுக்குப் பின்னால் கெட்டியான ஒரு தலையணை இக்குறையைத் தணிக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஐரோப்பிய நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சித்திரை வெயிலில் ரெக்சின் உறை போட்ட மெத்தை நாற்காலி உடம்போடு ஒட்டும். அரசு அலுவலகங்களில் நாற்காலி முதுகில் துண்டு விரித்திருப்பதற்கு அதிகாரத் தோரணை மட்டும் காரணமல்ல, வியர்வையும் காரணம். 1994இல் அமெரிக்காவில் வந்த ஏரான் நாற்காலி மெத்தையைத் தூக்கிவிட்டு வலையைப் போட்டுப் புகழ் பெற்றது. காற்றுப் போகும் பின்னல் நமக்குப் பிரம்பு நாற்காலியிலும் வயர் நாற்காலியிலும் முன்பே பழக்கமானது. பார்வையற்றோர் தொழிற்பயிற்சியில் நெடுங்காலம் இடம்பெற்ற கைவேலை அது. உயரம் மாறும் அடிக்காலும் பிரம்புப் பின்னலும் சேர்ந்த நாற்காலி ஒன்றை நம் பட்டறைகள் ஏன் செய்யக்கூடாது என்பது நியாயமான கேள்வி.

இன்னும் தீராதவை

இத்தனை விடைகளுக்குப் பிறகு ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. பாதம் படிய வேண்டும், கை மேசையோடு பொருந்த வேண்டும், முதுகுக்குத் தாங்கல் வேண்டும், எந்த நிலையும் நெடுநேரம் நீடிக்கக் கூடாது. இவற்றுக்கு அப்பால், இன்ன நாற்காலி முதுகுவலியைத் தடுக்கும் என்று உறுதி கூறும் அளவுக்கு ஆய்வுச் சான்று திரளவில்லை. 90 பாகையா 135 பாகையா என்ற விவாதம் இன்று தன் கூர்மையை இழந்துவிட்டது எனலாம். ஒரே கோணத்தில் உறைந்திருப்பதுதான் சிக்கல் என்பதை இரு தரப்பும் ஏறத்தாழ ஒப்புக்கொள்கின்றன.

தீராதவை வேறிடத்தில் இருக்கின்றன. தரையில் அமர்ந்து வளர்ந்து, இருபது வயதில் நாற்காலிக்கு மாறும் உடல் எந்த விதத்தில் மாறுகிறது? பகலில் நாற்காலியும் இரவுச் சாப்பாட்டுக்குச் சம்மணமும் என்ற கலப்பு வாழ்க்கை முழங்காலுக்கு நன்மையா? சிற்பியின் உடலுக்கு எவ்வளவு உயர மேடை பொருந்தும்? இவற்றுக்கு விடை அலுவலகப் பணியாளரை மட்டும் அளந்து கிடைக்காது. சட்டத்தின் பலனை அறிய வேறொரு அளவை வேண்டும். கடையில் நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பிற்பகல் மூன்று மணிக்கு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத அரைமணி நேரத்தில், அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும்.